பன்றிகளின் குண்டிக்காய்ப் புழுவும் மூத்திரப் பரிசோதனையும்

கால்நடைகளின் வயிற்றில் புழு இருப்பதாகச் சந்தேகம் தோன்றினால், அவற்றின் சாணத்தையோ மலத்தையோ எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். பெரும்பாலான புழுக்களின் முட்டைகள் மலத்தின் வழியாகவே வெளிப்படுவதால் இவ்வழக்கம் பொருத்தமானதே. ஆயினும் பன்றிகளைத் தாக்கும் புழுக்களில் ஒன்று இவ்விதிக்கு உட்பட்டதன்று. அதன் முட்டைகள் மூத்திரத்தின் வழியாக வெளிப்படுகின்றன. ஒரு பன்றியின் மலத்தை நூறு முறை பார்த்தாலும் இப்புழுவைக் கண்டுபிடிக்க இயலாது. அதற்குக் குண்டிக்காய்ப் புழு என்று பெயர். குண்டிக்காய் என்பது சிறுநீரகம்.

பன்றி வளர்ப்போர் இதனை முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு. பட்டியில் மிகவும் கொழுத்து, நன்றாக ஈன்று, எவ்வித நோய்க்குறியும் காட்டாமல் நிற்கும் பழைய தாய்ப் பன்றியே அநேகமாக இப்புழுவின் இருப்பிடமாயிருக்கிறது. அது ஒவ்வொரு நாளும் நனைக்கும் மண்ணில்தான் அதன் குட்டிகளும் மேய்கின்றன. தாய்க்கு யாதொரு குறையும் தெரிவதில்லை. குட்டிகளே இளைக்கின்றன. ஆதலால் குட்டிகளுக்கு மருந்து கொடுத்துக் கொண்டும், தீனியை மாற்றிக் கொண்டும் இருப்பவர், குற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமலே நஷ்டமடைகிறார்.

புழுவின் இயல்பு

விஞ்ஞானிகள் இதனை ஸ்டெபனூரஸ் டென்டேட்டஸ் என்று அழைக்கின்றனர். யோஹான் நாட்டெரர் என்னும் ஆஸ்திரிய இயற்கை ஆராய்ச்சியாளர் 1834ஆம் ஆண்டில் பிரேஸில் தேசத்தில் ஒரு பன்றியினுள் இதனைக் கண்டெடுத்தார். 1839ஆம் ஆண்டில் டீஸிங் என்பவர் இதனை விவரித்துப் பெயரிட்டார். வளர்ந்த புழு 2 முதல் 4½ சென்டிமீட்டர் வரை நீளமுடையது. உடல் தடித்து, கருமையும் வெண்மையும் கலந்த நிறத்துடன் காணப்படும். தோலின் ஊடே உள்ளுறுப்புகள் தெரிவதே இக்கலப்பு நிறத்திற்குக் காரணம்.

வளர்ந்த புழுக்கள் சிறுநீரகத்தைச் சூழ்ந்துள்ள கொழுப்பிலும், சிறுநீரகத்திலிருந்து மூத்திரப் பைக்குச் செல்லும் குழாயின் சுவரிலும் சிறு சிறு கூடுகள் அமைத்து அவற்றினுள் தங்குகின்றன. ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நுண்ணிய துவாரம் ஒன்று மூத்திரக் குழாயினுள் திறக்கிறது. புழு இடும் முட்டைகள் அத்துவாரத்தின் வழியாக மூத்திரத்துடன் கலந்து வெளியேறுகின்றன. இவ்வாறு 3 வருஷங்களும் அதற்கு மேலும் கூட ஒரு பன்றி முட்டைகளை மண்ணில் சேர்த்துக் கொண்டிருக்கக்கூடும்.

ஈரமும் நிழலும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் விழுந்த முட்டை ஓரிரு நாட்களில் பொரிக்கிறது. வெளிவரும் இளம்புழு இருமுறை தோலுரித்து, சுமார் 3 முதல் 5 நாட்களுக்குள் வேறு பன்றியைப் பற்றக்கூடிய பருவத்தை அடைகிறது. தக்க ஈரம் இருந்தால் இவ்விளம்புழுக்கள் மண்ணில் சில மாதங்கள் வரை உயிருடனிருக்கும். மண்புழுக்கள் இவற்றை விழுங்குவதும், அம்மண்புழுக்களைப் பன்றிகள் தோண்டித் தின்பதும் உண்டு.

உடலினுள் செல்லும் வழி

இளம்புழு இரண்டு வழிகளில் பன்றியின் உடலை அடைகிறது. தீனியுடனும் சேற்றுடனும் வாய் வழியாகச் செல்வது ஒன்று. தோலைத் துளைத்துக்கொண்டு நுழைவது மற்றொன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டு விவசாய இலாகாவைச் சேர்ந்த பெஞ்சமின் ஷ்வார்ட்ஸ், எம்மெட் பிரைஸ் ஆகிய இருவரும் இவ்விரு வழிகளையும் பற்றித் தாம் செய்த ஆராய்ச்சிகளை 1931, 1932ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். சேற்றில் படுத்துப் புரள்வது பன்றிக்கு இயல்பாதலால், தோல் வழியாக நுழைவது இப்புழுவிற்கு எளிதாகிறது. இவ்விரண்டேயன்றி, சினையுற்ற தாயின் உடலிலுள்ள இளம்புழுக்கள் கருவிலிருக்கும் குட்டிகளை அடைவதும் அறியப்பட்டுள்ளது.

எவ்வழியாக நுழைந்தாலும் இளம்புழு முதலில் ஈரலையே சேர்கிறது. அங்கு மூன்று மாதங்களும் அதற்கு மேலும் திரிந்து, ஈரலைக் குடைந்து, இறுதியில் அதன் மேலுறையைக் கிழித்துக்கொண்டு வயிற்றறைக்குள் வந்து, சிறுநீரகத்தை நாடிச் செல்கிறது. சில புழுக்கள் வழி தவறி, நுரையீரலிலும் மண்ணீரலிலும் இடுப்புத் தசையிலும் தங்கிவிடுகின்றன. முதுகெலும்பின் உட்புறத்தை அடைந்துவிட்டால் பன்றியின் பின்னங்கால்கள் முடங்கிப் போகும்.

ஈரலில் கழிக்கும் காலத்தையும் கூடுகட்டி முதிரும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இளம்புழு உட்சென்ற நாளிலிருந்து முதல் முட்டை மூத்திரத்தில் தோன்றுவதற்குப் பெரும்பாலும் 9 மாதங்கள் செல்கின்றன. சில பன்றிகளில் 16 மாதங்கள் வரையிலும் ஆகலாம். பன்றிகளைத் தாக்கும் புழுக்களில் இவ்வளவு மெதுவாக முதிர்வது அபூர்வம். இந்த நீண்ட தாமதத்தை வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பரிசோதனையின் குறையும், இப்புழுவை ஒழிக்கும் உபாயமும் இத்தாமதத்திலேயே அடங்கியுள்ளன.

ஏற்படும் நஷ்டம்

புழுவின் பெயர் குண்டிக்காயைச் சார்ந்திருப்பினும் பெருஞ்சேதம் விளைவது ஈரலில்தான். புழு சென்ற வழியெல்லாம் வெண்மையான தழும்புகளும் சீழ்க்கட்டிகளும் உண்டாகி, ஈரல் கெட்டிப்பட்டுப் போகிறது. குட்டிகள் தின்ற தீனிக்குத் தக்கபடி வளர்வதில்லை. கசாப்புச் சாலையில் இத்தகைய ஈரல் உணவுக்குத் தகாதென்று தள்ளப்படுகிறது. சிறுநீரகமும் அதனைச் சூழ்ந்த கொழுப்பும், சில சமயங்களில் இடுப்புப் பகுதி இறைச்சியும் வெட்டி நீக்கப்படுகின்றன. ஒரே நிலத்தில் மேயும் மாட்டுக் கன்றுகளின் ஈரலிலும் இவ்விளம்புழுக்கள் புகுந்து சேதம் செய்வதுண்டு.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, மூத்திரக் குழாயின் சுவர் தடித்து, உள்வழி குறுகுகிறது. புழுக்கள் மிகுதியாக உள்ளபோது அவ்வழி முற்றிலும் அடைபட்டு, மூத்திரம் பின்னோக்கித் தேங்கி, அப்பக்கத்துச் சிறுநீரகம் வீங்கிக் கெடுவதும் உண்டு. ஆனால் ஒரு பக்கம் கெட்டாலும் மற்றொரு பக்கத்துச் சிறுநீரகம் வேலையைச் செய்துகொண்டிருக்குமாகையால், பன்றி வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாகவே காணப்படும்.

மூத்திரத்தைச் சேகரிக்கும் முறை

பன்றி இரவு முழுதும் படுத்திருந்து, விடியற்காலையில் எழுந்தவுடன் மூத்திரம் விடுவது வழக்கம். அதுவும் பெரும்பாலும் கொட்டிலில் குறிப்பிட்ட ஒரு மூலையிலேயே விடும். ஆதலால் தீனி வைக்கும் ஆள் பொழுது புலருமுன் கொட்டிலை அடைந்து, பன்றியை மெதுவாக எழுப்பி, மூங்கிற் கழியின் நுனியில் கட்டிய சுத்தமான குவளையில் மூத்திரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். பன்றியை வெருட்டுதல் கூடாது. நன்கு பழகிய ஆளே இதனைச் செய்வது நலம்.

கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, பகலில் பிடிப்பதைக் காட்டிலும் அதிகாலை மூத்திரமே மேலானது. இரவு முழுவதும் இறங்கிய முட்டைகள் மூத்திரப் பையில் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது, முட்டைகள் கனமுள்ளவையாதலால் பையின் அடியில் படியும். ஆகவே முதலில் வரும் மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வருவதை விட்டுவிடலாகாது. கடைசியில் கலங்கலாக வருவதே முக்கியமானது.

மூன்றாவது, தரையில் வழிந்ததை அள்ளக் கூடாது. மலமும் மண்ணும் அதில் கலந்துவிடும். பன்றியின் குடலில் வசிக்கும் முடிச்சுப் புழுவின் முட்டை இப்புழுவின் முட்டையைப் போன்ற தோற்றமுடையது. மண்ணில் தானாக வாழும் நுண்புழுக்களும் உண்டு. இவை கலந்தால் பரிசோதிப்பவர் ஏமாற நேரிடும்.

நான்காவது, பிடித்த அன்றே பரிசோதிக்க வேண்டும். வெயிற்காலத்தில் ஒரு நாள் வைத்திருந்தாலும் முட்டைகள் பொரிக்கத் தொடங்கும். உடனே அனுப்ப முடியாவிடில், பனிக்கட்டியிட்ட பெட்டியில் குளிர்ச்சியாக வைத்து அனுப்பலாம். ஒவ்வொரு சீசாவின் மீதும் பன்றியின் அடையாளம், வயது, பிடித்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுதல் அவசியம். வயதைக் குறிப்பிடாமல் அனுப்பும் மூத்திரத்தினால் பாதிப் பயனே உண்டு. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

பரிசோதனை

மூத்திரத்தைக் குறுகிய அடியுள்ள உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் அரைமணி நேரம் வைத்திருந்தால் முட்டைகள் அடியில் தங்கும். மேலுள்ள நீரை மெதுவாக வடித்துவிட்டு, அடி வண்டலில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மெல்லிய மூடு கண்ணாடியால் மூடி, மைக்ராஸ்கோப்பின் குறைந்த பெருக்கத்தில் பார்த்தல் வேண்டும். சுழற்று யந்திரம் உள்ள இடங்களில் வண்டலை இன்னும் விரைவில் சேர்க்கலாம்.

குண்டிக்காய்ப் புழுவின் முட்டை நீள்வட்ட வடிவமும் மெல்லிய ஓடும் உடையது. நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அகலம் அதில் ஏறக்குறைய பாதிக்குச் சற்று மேல். புதிய மூத்திரத்தில் காணும் முட்டையினுள் 32 முதல் 64 வரையான அணுக்கள் முந்திரிக்கொத்துப் போல் திரண்டிருக்கும். முடிச்சுப் புழுவின் முட்டை இதைவிடச் சிறியது; அதனுள் அணுக்களும் குறைவாகவே காணப்படும். பழகிய கண்ணுக்கு இவ்வேற்றுமை எளிதில் புலப்படும்.

வேறு பரிசோதனைகள் எவ்வளவு பயன்படும்

மூத்திரத்தைக் காய்ச்சும்போது முட்டை வெண்கருவைப் போலத் திரைந்தால், அதில் புரதம் கலந்துள்ளது என்று அறிவது பழைய முறை. இப்பொழுது மருந்துக் கடைகளில் கிடைக்கும் பரிசோதனைத் தாளை மூத்திரத்தில் தோய்த்து, அதன் நிறமாற்றத்தைக் கொண்டு புரதமும் இரத்தமும் உள்ளனவா என்று நொடியில் அறியலாம். இவை நல்ல சாதனங்களே. ஆனால் இவை கூறுவது வேறு. மூத்திரப் பாதையில் புண்ணோ அழற்சியோ உள்ளது என்று மட்டும் இவை தெரிவிக்கும். அதன் காரணம் புழுவா, வேறு கிருமியா என்று தெரிவிக்கமாட்டா. சினைப் பன்றிகளுக்கும் ஈன்ற பன்றிகளுக்கும் கிருமிகளால் மூத்திரப் பையும் சிறுநீரகமும் அழற்சியுறும் நோய் உண்டு. அதிலும் இரத்தமும் புரதமும் காணப்படும்.

மாறாக, புழுவுள்ள பன்றியின் மூத்திரம் தெளிந்த நிறத்துடனும் இருக்கலாம். ஆகையால் தெளிந்திருப்பதைக் கண்டு புழு இல்லையென்றோ, சிவந்திருப்பதைக் கண்டு புழு உண்டென்றோ முடிவு செய்வது தவறு. முட்டையே சாட்சி. முட்டை உள்ள மூத்திரத்தில் இரத்தமும் புரதமும் சேர்ந்து காணப்பட்டால், கால்நடை வைத்தியர் கிருமி நோய் உளதா என்பதையும், சிறுநீரகம் எவ்வளவு கெட்டுள்ளது என்பதையும் இரத்தப் பரிசோதனை முதலியவற்றால் ஆராய்வார்.

முட்டை காணப்படாவிடில்

முட்டை காணப்பட்டால் சந்தேகத்திற்கு இடமில்லை: அப்பன்றி மண்ணைக் கெடுத்து வருகிறது. முட்டை காணப்படாதபோதுதான் நிதானம் வேண்டும். ஒரு வயது நிரம்பாத பன்றியின் மூத்திரத்தில் முட்டை இல்லையெனில், அதனால் அது புழுவற்றது என்று ஏற்படாது. அதன் ஈரலில் இளம்புழுக்கள் நிறைந்திருக்கலாம். அவை முதிரவில்லை, அவ்வளவே. வயதைக் குறிப்பிட வேண்டியதன் காரணம் இதுதான். வயது வந்த பன்றியிலும் ஒரு நாள் பார்த்து விடாமல், சில தினங்கள் இடைவிட்டு மூன்று முறையேனும் பார்த்த பின்னரே அதனை நம்பலாம். இளம் பன்றிகளின் நிலையை அறிய விரும்புவோர், கசாப்புச் சாலையில் தம் பன்றிகளின் ஈரலைப் பார்வையிடச் செய்வது நல்லது. வெண்தழும்புகள் பலவற்றின் ஈரலில் காணப்பட்டால் பட்டியின் தாய்ப் பன்றிகளைச் சோதிக்கத் தாமதிக்கலாகாது.

தாமதத்தையே ஆயுதமாக்கிய முறை

முட்டை தோன்ற 9 மாதங்களுக்கு மேல் ஆகுமென்றால், அக்காலம் முடிவதை ஒட்டியே ஒவ்வொரு பன்றியையும் விற்றுவிட்டால் மண்ணில் முட்டை விழுவது எங்ஙனம்? இக்கேள்வியிலிருந்து பிறந்ததே தலையீற்று முறை. அமெரிக்காவில் ஜியார்ஜியா மாகாணத்து டிப்டன் நகரிலுள்ள பரிசோதனைப் பண்ணையில் ஸ்டூவர்ட் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் இதனைச் சோதித்து, மேய்ச்சல் நிலங்களிலிருந்து இப்புழுவை மந்தை நிர்வாகத்தினாலேயே ஒழிக்கலாமென்பதை 1964ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

முறை இதுவே. இளம் பெண் பன்றிகளை மட்டுமே இனப்பெருக்கத்திற்கு விடுதல் வேண்டும். அவை முதல் ஈற்று ஈன்று, குட்டிகள் பால் மறந்தவுடன், தாய்களை விற்றுவிட வேண்டும். அவற்றின் குட்டிகளிலிருந்து அடுத்த தலையீற்றுப் பன்றிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 8 மாத வயதில் சினைப்பட்ட பன்றி 114 நாட்கள் கழித்து ஈனும். ஆகவே தாய் விற்கப்படும்போது அதற்கு ஒன்றேகால் வயதுக்கு மேல் ஆகாது. அதன் உடலில் புழுக்கள் இருப்பினும், அவற்றில் பல முட்டையிடத் தொடங்கியிரா. ஆண் பன்றிகள் வயதாகுமாகையால் அவற்றை மேய்ச்சல் நிலத்தில் விடாமல் சிமெண்டுத் தளமிட்ட கொட்டிலில் வைத்தல் வேண்டும். பழைய முட்டைகளும் இளம்புழுக்களும் மண்ணில் மடிந்துபோக, புதியவை சேராமையால், சுமார் இரண்டு வருஷங்களில் நிலம் சுத்தமாகிறது.

இம்முறைக்கு விலை இல்லாமலில்லை. பன்றி இரண்டாம் ஈற்றிலும் அதற்குப் பின்னரும் முதல் ஈற்றை விட அதிகக் குட்டிகள் ஈனுவது இயல்பு. நன்றாக ஈனும் தாயை முதல் ஈற்றோடு விற்பது குடியானவருக்கு மனம் ஒப்பாத காரியமே. இரண்டொரு தாய்களை மட்டும் வைத்திருப்பவருக்கு இக்கஷ்டம் மேலும் பெரிது. மூத்திரப் பரிசோதனை இங்குதான் கைகொடுக்கிறது. தாய்களையெல்லாம் விற்க மனமில்லாதவர், ஒரு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தாயையும் ஒவ்வொரு ஈற்றுக்கு முன்னும் பரிசோதித்து, முட்டை காட்டும் பன்றிகளை மட்டும் நீக்கியோ, தளமிட்ட கொட்டிலில் தனித்து வைத்துச் சிகிச்சை செய்தோ, மற்றவற்றை வைத்துக்கொள்ளலாம். தலையீற்று முறையைப் போல இது முழுப் பலன் தராது. எனினும் யாதொன்றும் செய்யாமலிருப்பதை விட மிக மேலானது.

வெயிலும் வறட்சியும்

இப்புழுவின் முட்டைக்கும் இளம்புழுவிற்கும் வறட்சியும் நேர்வெயிலும் பகை. உறைபனியும் பகையே, அதனால்தான் குளிர் மிகுந்த நாடுகளில் இது நிலைப்பதில்லை. தமிழ்நாட்டில் உறைபனியின் உதவி சமவெளிப் பிரதேசங்களுக்குக் கிட்டாது. ஆனால் கோடை வெயில் தாராளமாகக் கிட்டும். கொட்டிலைச் சுற்றிப் புல்லும் செடியும் மண்டாமல் செதுக்கி, மண் வெறுமையாக வெயில் படும்படி வைத்திருந்தால், கொட்டிலருகே விழும் மூத்திரம் விரைவில் காய்ந்து முட்டைகள் மடியும். மூத்திரம் தேங்காதபடி வாய்க்கால் அமைத்தல், கொட்டிலின் ஓரத்தில் வைக்கோற் குப்பையைக் குவிக்காதிருத்தல், தீனியைத் தரையில் கொட்டாமல் தொட்டியில் வைத்தல், சேற்றுக் குட்டையில் குட்டிகளைத் தாய்களோடு புரள விடாதிருத்தல் ஆகியவை செலவில்லாத காரியங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் வாரக்கணக்காக ஈரமாயிருக்குமாதலால், அக்காலத்தில் இளங்குட்டிகளைப் பழைய நிலத்தில் மேயவிடாமல் தளமிட்ட இடத்தில் வைத்திருப்பது நன்று.

மருந்து

முற்காலத்தில் இப்புழுவிற்குத் தக்க மருந்து இருக்கவில்லை. இப்பொழுது ஐவர்மெக்டின், டோராமெக்டின், பென்பெண்டசோல், லெவாமிசோல் ஆகிய மருந்துகள் பயன்படுகின்றன. பன்றியின் எடைக்கும் சினைக்கும் தக்கபடி மருந்தின் அளவையும் காலத்தையும் கால்நடை வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும். மருந்து கொடுத்த பின் குறிப்பிட்ட நாட்கள் கழியுமுன் அப்பன்றியை இறைச்சிக்கு விற்கலாகாது. சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் இடைவிட்டு மீண்டும் மூத்திரத்தைப் பரிசோதித்தாலன்றி மருந்து வேலை செய்ததா என்பது தெரியாது. மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி, ஈரலில் ஏற்பட்ட தழும்பை மாற்றாது. மண்ணிலுள்ள இளம்புழுக்களையும் தொடாது. ஆகவே மண்ணைக் கவனியாது மருந்தை மட்டும் நம்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டுவன

பன்றி வளர்ப்போர், தம் பட்டியிலுள்ள ஒரு வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் பன்றிகள் அனைத்தின் அதிகாலை மூத்திரத்தையும் மேற்கூறிய முறைப்படி பிடித்து, அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கு அன்றே சேர்ப்பிக்க வேண்டும். முட்டை காணப்பட்டவற்றை உடனே மேய்ச்சல் நிலத்திலிருந்து பிரித்தல் வேண்டும். காணப்படாதவற்றை மேலும் இருமுறை சோதித்தல் வேண்டும். இளம் பன்றிகளின் ஈரலைக் கசாப்புச் சாலையில் கவனிக்கச் செய்தல் வேண்டும். நிலமும் வசதியும் உள்ளோர் இரண்டு வருஷ காலத்திற்குத் தலையீற்று முறையை அனுசரித்தல் வேண்டும். இப்புழு மெதுவாக முதிர்கிறது. அதனை ஒழிக்கும் வேலையும் பொறுமையாகவே நடைபெறும். ஒரு குவளையும், ஒரு மூங்கிற் கழியும், விடியற்காலையில் எழும் பழக்கமும் இருந்தால் இவ்வேலையை எந்தக் குடியானவரும் தொடங்கலாம்.